வாட்டர்கலர் ஓவியரின் நாளில் படம் வரையாத நேரங்கள்

வாட்டர்கலரை நம்பிப் பிழைக்கிற ஓவியரைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் கண்காட்சியும் விற்பனையும்தான். ஆனால் தினசரி சந்தோஷம் அங்கே கிடைப்பதில்லை. பேப்பரைக் கிழிப்பதில், கலர் கலப்பதில், பிரஷ் கழுவுவதில், எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் ஏறும் என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் அது இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் பலர் இதையெல்லாம் அவசர அவசரமாக முடித்துவிட்டுப் படத்துக்கு ஓடுகிறார்கள். படம் கெட ஆரம்பிப்பதே அந்த அவசரத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாட்டர்கலர் பாடங்களில் பெரும்பகுதி குளிர் நாடுகளிலிருந்து வருகிறது. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் அவை அப்படியே ஒத்துவராது.

வெளியே போய் வரைபவர்கள் காலை ஆறரைக்கு இடத்தில் இருப்பது நல்லது. ஒன்பது மணி வரைதான் நிழல் நீளமாக இருக்கும். கோபுரத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று தெளிவாகப் பிரிந்து கிடக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் தலைக்கு ஏற ஏற எல்லாம் வெளிறிப்போய்த் தட்டையாகிவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுவதால், நடுப்பகலில் செங்குத்தான பொருளுக்கு நிழல் காலடியோடு ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் கட்டிடம் வரைய உட்கார்ந்தால் வடிவமே பிடிபடாது. மாலை நான்கரைக்கு மேல் மறுபடி நல்ல வெளிச்சம் கிடைக்கும். வரைபலகையை மட்டும் எப்போதும் நிழலில் வையுங்கள். வெள்ளைப் பேப்பரில் வெயில் பட்டுக் கண் கூசினால், கலரின் அழுத்தம் சரியாகத் தெரியாமல் தேவைக்கு மேல் அடர்த்தியாகப் போட்டுவிடுவீர்கள். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கலர் கலப்பது அதைவிட மோசம்.

பேப்பர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பயிற்சிக்கு மலிவான பிரஷ் போதும், மலிவான கலர்கூடப் போதும். ஆனால் மரக்கூழ் பேப்பரில் பழகியவருக்கு வாஷ், அதாவது தண்ணீரில் கரைத்த கலரைப் பரப்பாகப் பூசுவது, என்றால் என்ன என்றே பிடிபடாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), நூறு சதவீதம் பருத்தி, கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள பரப்பு) வாங்குங்கள். முழு ஷீட் 22க்கு 30 அங்குலம். அதில் 11க்கு 15 அளவில் நான்கு துண்டு வரும். கத்தரிக்கோல் வேண்டாம். மடித்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் மடிப்பை அழுத்தி, திருப்பி மடித்து இன்னொரு முறை அழுத்தி, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி மெதுவாகக் கிழித்தால் ஓரம் பஞ்சு பிரிந்தாற்போல் அழகாக வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒரு மாதத்துக்கான பேப்பரைக் கிழித்து அடுக்கி வைப்பதில் தனிச் சுகம் இருக்கிறது.

நம் ஊரில் பேப்பருக்கு முதல் எதிரி ஈரம். நீர் உடனே உள்ளே இறங்காமல் மேலே நிற்பதற்காகப் பேப்பரில் ஜெலட்டின் போன்ற ஒரு பசையைச் சேர்த்திருப்பார்கள். ஈரமான அறையில் கிடந்து கிடந்து அந்தப் பசை செத்துவிடும். பார்வைக்குப் பேப்பர் நன்றாகவே இருக்கும். வாஷ் போட்டதும் அங்கங்கே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி இறங்கும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பழைய ஷீட் என்றால் முதலில் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு குமிழாக நின்றால் சரி. உடனே உறிஞ்சிக்கொண்டால் அந்தப் பேப்பரைக் கரித்துண்டுக்கோ பேஸ்டலுக்கோ ஒதுக்குங்கள், தூக்கிப் போட வேண்டாம். மீதியைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, சுவரில் ஒட்டாத ஸ்டீல் பீரோவில் படுக்கை வாக்கில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கும் அந்தப் பசை பிடித்த சாப்பாடு. பீரோவில் நான்கு துண்டு வசம்பு போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

கலர் டப்பாவுக்கு வருவோம். டியூபிலிருந்து டப்பாவின் சின்னக் கிண்ணத்தில் (பேன் என்பார்கள்) நிரப்பும்போது ஒரே தடவையில் முழுக்கப் பிதுக்காதீர்கள். மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்று, பிறகு காயும்போது வெடித்துத் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு போட்டு, குச்சியால் கிளறிக் காற்றுக்குமிழை எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு அடுத்த பங்கைப் போடுங்கள். மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடியைச் சாத்தினால் மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும். கலரைப் பிணைத்து வைத்திருப்பது மரப்பிசின், தேன் சேர்ந்த கலரும் உண்டு. பூஞ்சைக்கு இவை இரண்டுமே விருந்து. இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் மூடுங்கள்.

எத்தனை கலர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஆறு ஏழு போதும் என்பேன். லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர் என்கிற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, குயினாக்ரிடோன் ரோஸ் என்கிற ஒரு ரோஜா நிறம், அல்ட்ராமரீன், தாலோ ப்ளூ என்று இரண்டு நீலம், வேண்டுமானால் ஒரு கருஞ்சிவப்பு. டியூபின் பின்னால் இருக்கிற பிக்மென்ட் எண்ணை, அதாவது உள்ளே இருக்கும் நிறப்பொருளின் எண்ணை, படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கம்பெனிகள் வைக்கிற பெயர் மாறும், எண் மாறாது. அல்ட்ராமரீன் என்றால் பிபி 29. அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் பிஆர் 83 இருந்தால் வாங்காதீர்கள், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதற்குப் பதிலாகப் பிவி 19 வாங்குங்கள். ஓப்ரா பிங்க் மாதிரி பளீரென்று ஒளிர்கிற கலர்கள் இன்னும் சீக்கிரம் போய்விடும். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற படத்தில் வெளுக்கும் என்று தெரிந்த கலரைப் போடுவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் வருகிற சாம்பல் நிறத்துக்காகவே இந்த வேலைக்கு வரலாம். நீலம் கொஞ்சம் கூடினால் சுண்ணாம்புச் சுவரின் காலை நிழல். சியன்னா கூடினால் மழையில் நனைந்த கருங்கல். இரண்டையும் தட்டில் முழுக்கக் கலக்காமல் பேப்பரிலேயே சேரவிட்டால் அல்ட்ராமரீனின் துகள்கள் பேப்பரின் குழிகளில் தங்கி, பழைய சுவரின் சொரசொரப்பு தானாகவே வந்துவிடும். பச்சையை மட்டும் டியூபில் வாங்காதீர்கள். கடையில் கிடைக்கிற பச்சை நம் மரங்களில் போலியாகத் தெரியும். பங்குனியில் வேப்பந்தளிர் செம்பு நிறத்தில் இருக்கும், மாந்தளிரும் அப்படித்தான். பச்சைக்குள் பர்ன்ட் சியன்னாவைத் தாராளமாக விடாமல் அதைப் பிடிக்க முடியாது. நாற்றங்காலின் பச்சைக்கு லெமன் யெல்லோ முக்கால் பங்கு, நீலம் பெயருக்கு ஒரு துளி. ஒரே தெருவில் வேம்பு, புங்கை, பூவரசு மூன்றின் பச்சையையும் தனித்தனியாகக் கலந்து, பக்கத்தில் மரத்தின் பெயர் எழுதி வைத்துப் பாருங்கள். அந்த ஒரு பக்கத்துக்கே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

வாஷ் போடும்போது பலகையை ஏறக்குறைய 15 டிகிரி சாய்த்து வையுங்கள். தேவைக்கு இரண்டு மடங்கு கலரை முன்பே கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். முக்கியமாக ஃபேனை அணைத்துவிடுங்கள். தலைக்கு மேலே ஃபேன் ஓடினால் ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் ஈரமாகவே இருக்கும். ஈரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பளபளப்பை வைத்துப் பக்கவாட்டில் பார்க்கப் பழகுங்கள். நன்றாகப் பளபளக்கும்போது கலர் விட்டால் மென்மையாகப் பரவும். பளபளப்பு மங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அப்போது ஈரம் கூடுதலான பிரஷ் பட்டால், அந்தத் தண்ணீர் பாதி காய்ந்த கலரைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃப்ளவர் மாதிரி ஓரம் கட்டும். மதுரை, திருச்சிப் பக்கம் மே மாதத்தில் இந்த மங்கும் நிலை கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். அங்கே பேப்பரின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, அக்ரிலிக் ஷீட்டில் ஒட்டவைத்து வேலை செய்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். கார்த்திகை மழையில் நிலைமை தலைகீழ், ஒரு வாஷ் காய அரை மணி நேரம்கூட ஆகலாம். ஹேர் டிரையரை எடுக்காமல் இரண்டு படங்களை மாற்றி மாற்றிச் செய்வதே அதற்கு நல்ல வழி.

தண்ணீர் இரண்டு குவளையில் இருக்கட்டும். ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று கலக்க மட்டும். உப்பு அதிகமான போர் தண்ணீரில் சில கலர்கள் திரிதிரியாகப் பிரியும். கலக்கிற குவளையில் மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் போதும்.

பிரஷ்ஷைக் குவளைக்குள் நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். நுனி வளைவது மட்டுமில்லை. தகர வளையத்துக்குள் தண்ணீர் ஏறிப் பசை இளகும், மரக்கைப்பிடி ஊதிப் பெயின்ட் உரியும். பிறகு பிரஷ் ஆட ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் குளியல் சோப்பில் உள்ளங்கையில் வைத்துச் சுழற்றி, நுரை வெள்ளையாகும் வரை கழுவி, விரலால் நுனி சேர்த்துப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். நுனி போன பிரஷ் இலைக்கொத்துக்கும் புல்லுக்கும் ஆகும். கீரி முடி பிரஷ் என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். கீரி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் விலங்கு. அந்த முடிக்காக அதைக் கொல்கிறார்கள். இன்று கிடைக்கிற நல்ல செயற்கை முடி பிரஷ்களை வைத்து எல்லா வேலையும் செய்யலாம்.

பிழைப்புக்குச் செய்கிற வேலையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். வாரக்கடைசியில் பிள்ளைகளுக்கு வகுப்பு, வீட்டுக்காரர் கேட்கிற பூர்வீக வீட்டின் படம், கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு கோயில் குளம். இதெல்லாம் கலை இல்லை என்று யார் சொன்னது? 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அந்தக் கலைஞர்கள் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்துக்கான நேரத்தைச் சம்பாதித்தார்கள். ஆர்டர் வேலையில் மட்டும் கறாராக இருங்கள். பாதிப் பணம் முன்பணம், பென்சில் வரைவைக் காட்டி ஒப்புதல், கலர் போட்ட பிறகு மாற்றம் கிடையாது. வாட்டர்கலரில் அழித்து எழுத முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை வராது.

ஃபிரேம் போடக் கொடுக்கும்போது கடையிலேயே நின்று பாருங்கள். படத்தை நான்கு பக்கமும் பசை போட்டு அட்டையில் ஒட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் பேப்பர் விரியும், இடமில்லாமல் அலை அலையாகப் புடைக்கும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய பேப்பர் துண்டும் மைதாப் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். செலோ டேப் கூடவே கூடாது, அதன் மஞ்சள் கறை போகாது. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் அமிலமில்லாத மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டை) வைத்து இடைவெளி விடாவிட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஃபிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் காற்று ஓடும். வாங்குபவரிடமும் சொல்லி அனுப்புங்கள்: நேர் வெயில் படுகிற சுவர் வேண்டாம், பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரும் வேண்டாம். தை மாதம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்கட்டும், பழுப்புப் புள்ளி தெரிந்தால் உடனே உங்களிடம் எடுத்து வரட்டும்.