பால் கொடுக்கும்போது வரும் அடிவயிற்று வலி

பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தால் உள்ளே கெட்ட ரத்தம் தங்கிவிட்டது, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. பாலை இறங்க வைப்பதும் அதுதான், கர்ப்பப்பைத் தசையைச் சுருக்குவதும் அதுதான். தசை இறுகும்போது ரத்தக்குழாய்கள் நெரிபட்டு உதிரப்போக்கு குறையும். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் வலி கூடுதலாகத் தெரியும். பொதுவாகச் சில நாளில் அடங்கிவிடும். (காய்ச்சலோ, துர்நாற்றமோ, அதிக உதிரப்போக்கோ இருந்தால் அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.)

சந்தேகம் இருந்தால், குழந்தை பிறந்ததும் தாயின் தொடையில் போடுகிற ஊசி எதற்கு என்று பிரசவ அறை நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். கர்ப்பப்பையைச் சுருக்கி உதிரப்போக்கைக் குறைக்கத்தான்; பெரும்பாலும் அதே ஆக்ஸிடோசின்தான், 10 யூனிட்.