வேலூரில் நின்ற தேர்தல், சூரிச்சில் நிற்காத தேர்தல்

2025 டிசம்பரில் கால்பந்து உலகக் கோப்பைக் குலுக்கல் மேடையில், உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ அமெரிக்க அதிபர் டிரம்புக்கு ‘அமைதிப் பரிசு’ கொடுத்தார். அதற்கு முன்னால் அப்படி ஒரு பரிசே கிடையாது. நம் ஆட்கள் போட்ட மீம்களைப் பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் எல்லோரும் இன்ஃபான்டினோ என்ற ஒரு மனிதரைத்தான் திட்டினார்கள். அவருக்கு முன்னால் தலைவராக இருந்த பிளாட்டரைத் திட்டினோம். அதற்கும் முன்னால் ஹாவலாஞ்ச். ஆள் மாறியும் திட்டு மாறவில்லை என்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்?

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அதனால் எந்த ஊழல் செய்தியைப் படித்தாலும், எவ்வளவு வாங்கினான் என்பதைவிட வவுச்சரை எப்படிப் போட்டான் என்பதில்தான் கண் போகும். அந்த வகையில் ஃபிஃபா ஒரு பொக்கிஷம்.

ஐ.எஸ்.எல். கதையை எடுத்துக்கொள்ளுங்கள். (நம்ம இந்தியன் சூப்பர் லீக் இல்லை. இது அடிடாஸ் குடும்பத்து ஹோர்ஸ்ட் டாஸ்லர் ஆரம்பித்த சுவிஸ் கம்பெனி.) உலகக் கோப்பையின் விளம்பர உரிமையை வைத்திருந்தவர்கள். 2001-ல் திவாலானார்கள். பழைய கணக்கைக் கிளறியபோதுதான் யார் யாருக்குப் படியளந்தார்கள் என்பது வெளியே வந்தது. அதில் ஒரு சமாச்சாரம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. 1997-ல் ஹாவலாஞ்சுக்கான 15 லட்சம் சுவிஸ் பிராங்க் தவறுதலாக ஃபிஃபாவின் ஆபீஸ் கணக்குக்கே வந்து விழுந்துவிட்டது. ‘இது யார் பணம், எதுக்கு வந்தது’ என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கே அனுப்பிவைத்தார்கள். அப்போது பொதுச் செயலாளர் செப் பிளாட்டர். 2013-ல் ஃபிஃபாவின் நெறிமுறைக் குழு நீதிபதி எக்கர்ட் இதை விசாரித்துவிட்டு, பிளாட்டர் நடந்துகொண்டதைச் சாமர்த்தியக் குறைவு என்று சொல்லலாம், விதிமீறல் இல்லை என்று எழுதினார். எங்கள் கம்பெனிக் கணக்கில் யாரோ ஒரு தோல் வியாபாரியின் கமிஷன் வந்து விழுந்து, நான் அதைச் சத்தமில்லாமல் மேனேஜர் வீட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தால், ‘பாவம், சாமர்த்தியம் போதாத பையன்’ என்று யாரும் எனக்குச் சான்றிதழ் தரமாட்டார்கள்.

ஹாவலாஞ்சின் மருமகனாக இருந்த ரிக்கார்டோ டெஷேரா, பிரேசில் கால்பந்துச் சங்கத் தலைவர். 1992 முதல் 1997 வரை அவருக்குப் போனது குறைந்தது 1.27 கோடி பிராங்க். 2012-ல் வெளியான சுவிஸ் ஆவணத்தில் இது இருக்கிறது. தண்டனை? அந்தக் காலத்துச் சுவிஸ் சட்டப்படி இப்படிக் கமிஷன் வாங்குவதே குற்றமில்லை. ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டினார்கள், கேஸ் மூடப்பட்டது. ஹாவலாஞ்ச் 2013-ல் கௌரவத் தலைவர் பதவியை விட்டு இறங்கினார். அதோடு சரி.

ஐரோப்பியக் கால்பந்துத் தலைவராக இருந்த பிளாட்டினிக்கு, பிளாட்டர் காலத்தில் 2011-ல் போன 20 லட்சம் பிராங்க் இன்னொரு ரகம். 1998 முதல் 2002 வரை ஆலோசகராகப் பார்த்த வேலைக்குப் பாக்கிச் சம்பளமாம். ஒப்பந்தம் வாய்வார்த்தையாம். 2022-லும் அப்பீலில் 2025-லும் நீதிமன்றம் பிளாட்டர், பிளாட்டினி இரண்டு பேரையும் விடுதலை செய்துவிட்டது, அதை மதிக்கிறேன். ஆனால் ஒன்பது வருஷம் கழித்து, கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம்கூட இல்லாமல் வந்த பில்லை எங்கள் ஆடிட்டரிடம் நீட்டினால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவார்.

இப்போது கவருக்கு வருகிறேன். 2011 மே மாதம். ஃபிஃபா தலைவர் தேர்தலில் பிளாட்டரை எதிர்த்து நின்றவர் கத்தாரின் முகமது பின் ஹம்மாம். டிரினிடாட்டில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஓட்டல் ஒன்றில் கரீபியன் நாட்டுச் சங்க நிர்வாகிகளைக் கூட்டிப் பேசினார். அதன்பிறகு நிர்வாகிகள் ஒவ்வொருவராக ஓர் அறைக்குப் போனார்கள். உள்ளே கவர். கவருக்குள் 40,000 டாலர், ரொக்கமாக. பஹாமாஸ் நிர்வாகி ஒருவர் நோட்டுக்கட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விஷயம் மேலே போனது. பின் ஹம்மாம் மறுத்தார், போட்டியிலிருந்து விலகினார். ஆயுள் தடை போட்டார்கள். ஆதாரம் போதவில்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் 2012-ல் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு வேறு விவகாரத்தில் மறுபடி ஆயுள் தடை. ஆனால் தேர்தல்? குறித்த தேதியில், 2011 ஜூன் 1-ல், ஜாம் ஜாம் என்று நடந்தது. பிளாட்டர் மட்டுமே வேட்பாளர். 203 ஓட்டில் 186 வாங்கி ஜெயித்தார்.

கவரைப் பற்றி வேலூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2019-ல் எங்கள் மக்களவைத் தேர்தலையே பணத்துக்காக நிறுத்தினார்கள். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதைச் சொல்லி 16-ம் தேதி ரத்து என்று அறிவிப்பு வந்தது. பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் 5-ல்தான் மறுபடி ஓட்டுப் போட்டோம். “இன்னாப்பா, உங்க ஊர்ல ஓட்டு இன்னா ரேட்டு?” என்று மெட்ராஸ் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டுத் தீர்த்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எங்கள் தேர்தலை நிறுத்த எங்களுக்கு வெளியே ஓர் ஆள் இருந்தார்.

2015-க்கு வாருங்கள். மே 27 விடியற்காலை. சூரிச்சில் பாவர் ஓ லாக் என்ற ஆடம்பர ஓட்டலில் சுவிஸ் போலீஸ் நுழைந்து ஃபிஃபா வட்டாரத்துப் பெரிய ஆட்கள் ஏழு பேரைப் பிடித்தது. ஓட்டல்காரர்கள் வெள்ளைப் பெட்ஷீட்டைத் திரையாகப் பிடிக்க, அதன் மறைவில் காரில் ஏற்றிப் போனார்கள். அமெரிக்க நீதித்துறையின் குற்றப்பத்திரிகை சொன்ன தொகை, இருபத்து நாலு வருஷத்தில் 15 கோடி டாலருக்கும் மேல். தலைவர் தேர்தலுக்கு எத்தனை நாள் இருந்தது தெரியுமா? இரண்டே நாள், எங்களுக்கு இருந்த மாதிரியே. ஆனால் அங்கே எதுவும் நிற்கவில்லை. மே 29-ல் அதே ஊரில் ஓட்டுப் பதிவானது. பிளாட்டர் 133, எதிர்த்து நின்ற ஜோர்டான் இளவரசர் அலி 73. நாலு நாள் கழித்துப் பதவி விலகுவதாக பிளாட்டரே சொன்னார். அவரை இறங்கச் சொல்லும் அதிகாரம் படைத்தவர் அதுவரை யாரும் வரவில்லை.

அமெரிக்கா பிடித்ததும்கூட லஞ்சப் பணம் அந்த நாட்டு வங்கிகள் வழியாகப் போனதால்தான். இதற்குள் ஒரு வேடிக்கை. பறிமுதலான பணத்தில் 20 கோடி டாலருக்கும் மேல் ஃபிஃபாவுக்கும், வட, தென் அமெரிக்கக் கண்டங்களுக்கான அதன் இரண்டு கூட்டமைப்புகளுக்கும் திருப்பித் தர 2021-ல் ஒப்புக்கொண்டார்கள். வழக்கில் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ அவர்கள்தானாம்.

ஏன் இப்படி? ஃபிஃபாவில் 211 நாட்டுச் சங்கங்கள். ஜெர்மனிக்கும் ஒரு ஓட்டு, ஐயாயிரம் பேர்கூடத் தேறாத மான்ட்செராட் தீவுக்கும் ஒரு ஓட்டு. வேலூர் மாநகராட்சியின் ஒரு வார்டில் அதைவிட ஜனம் அதிகம். சரி, அதுதான் தப்பு என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதும்போது எனக்கு எரிச்சல் வரும். நாட்டுக்கு ஒரு ஓட்டு இல்லாமல் போனால் நாலைந்து பணக்கார நாடுகள்தான் ஆளும். 1974-ல் ஹாவலாஞ்ச் ஜெயித்ததே அந்த ஆத்திரத்தில்தான். அதுவரை தலைவராக இருந்த ஆங்கிலேயர் ஸ்டான்லி ரவுஸ், நிறவெறி தென்னாப்பிரிக்காவை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். உலகக் கோப்பையில் எங்களுக்கு இடமே இல்லையா என்று ஆசியாவும் ஆப்பிரிக்காவும் கேட்டதற்கு உருப்படியான பதில் வரவில்லை. ஹாவலாஞ்ச் இடம் தருகிறேன் என்றார், தந்தார். 16 அணி 24 ஆனது, பிறகு 32. நியாயமான கோபத்தின் மேல்தான் அந்த நாற்காலி போடப்பட்டது. அதனால்தான் அதை அசைப்பது இன்னும் கஷ்டம்.

கோளாறு எங்கே என்றால், ஓட்டுப் போடுகிற சங்கத்துக்குப் பணம் ஒதுக்குவதே ஓட்டுக் கேட்கிற தலைவரின் நிர்வாகம். 2016 பிப்ரவரியில் இன்ஃபான்டினோ பிரசாரத்தில் சொன்னது ‘ஃபிஃபாவின் பணம் உங்கள் பணம்’. சங்கத்துக்கு நாலு வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் என்றார். அரங்கமே கைதட்டியது. 115-க்கு 88 என்று ஜெயித்தார். 50 லட்சம் பிறகு 60 ஆனது, 2023 முதல் 2026 வரைக்கு 80 லட்சம் வரை. 2019-ல் போட்டியே இல்லை. 2023-லும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, இது கவர் இல்லை. முறையான திட்டம், தணிக்கை உண்டு, மைதானங்களும் வந்திருக்கின்றன. அதனால்தான் இதை யாரும் லஞ்சம் என்று சொல்ல முடியாது. ரசீது போட்டுக் கொடுக்கிற நன்றிக்கடன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2016-ல் சீர்திருத்தம் என்று கொண்டுவந்ததில் நல்லதும் உண்டு. முன்பு 2018, 2022 உலகக் கோப்பைகளை ரஷ்யாவுக்கும் கத்தாருக்கும் கொடுத்தது, 2010-ல் ஓர் அறைக்குள் உட்கார்ந்த 22 பேர். அதற்குமுன் இரண்டு பேர் ஓட்டை விற்கத் தயாராக இருந்ததாகப் பத்திரிகை வலையில் சிக்கித் தடை செய்யப்பட்டதால்தான் 24 என்பது 22 ஆனது. இப்போது 211 பேரும் ஓட்டுப் போட வேண்டும். 2018-ல் 2026-க்கான ஓட்டு, யார் யாருக்குப் போட்டார் என்பது உட்பட வெளியானது. ஆனால் 2024 டிசம்பரில் 2034-ஐச் சவூதிக்குக் கொடுத்தபோது ஓட்டே கிடையாது. ஒரே விண்ணப்பம், இணையவழிக் கூட்டம், கேமரா முன்னால் கைதட்டல். முடிந்தது.

தலைவருக்கு மூன்று தவணைதான் என்று விதியும் வந்தது. 2016 முதல் 2019 வரை மூன்று வருஷம்தானே, அது முழுத் தவணை இல்லை, கணக்கில் சேராது என்று 2022-ல் ஃபிஃபா கவுன்சில் சொல்லிவிட்டது. ஆக 2031 வரை இன்ஃபான்டினோவுக்கு வழி இருக்கிறது. ஃபிஃபாவின் கண்காணிப்புக் குழுக்களில் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்த போர்பெலி, எக்கர்ட், மிகுவேல் மதுரோ மூன்று பேரையும் 2017-ல் பஹ்ரைன் மாநாட்டோடு மாற்றிவிட்டார்கள். பழைய எக்கர்ட்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை என்பதை மேலேயே பார்த்தீர்கள். அவரே வேண்டாம் என்றால் யார்தான் வேண்டும்?

வெளியே இருந்து அரசோ நீதிமன்றமோ உள்ளே வந்தால் ஃபிஃபா அந்த நாட்டையே தள்ளிவைக்கும். அந்த விதி எதற்கென்று புரிகிறது, சர்வாதிகாரிகள் கால்பந்துச் சங்கத்தைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. ஆனால் நமக்கு என்ன நடந்தது? அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் பிரபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரோடு முடிந்தது. தேர்தல் நடத்தாமல் இழுத்தார்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை இறக்கி நிர்வாகக் குழு போட்டது. ஆகஸ்ட்டில் ஃபிஃபா, ‘மூன்றாம் நபர் தலையீடு’ என்று இந்தியாவைத் தடை செய்தது. தேர்தல் நடத்தாமல் உட்கார்ந்திருந்தபோது வராத கோபம், நீதிமன்றம் கேட்டதும் வந்தது. கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசியப் போட்டிக்காக தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்தது. ஒரு பந்துகூட உதைக்காமல் திரும்பினார்கள். நிர்வாகக் குழு கலைந்ததும், பதினைந்து நாளுக்குள்ளேயே தடை நீங்கியது. அந்தப் பெண்களுக்குப் போன போட்டி போனதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பாலாறு மணலில் பசங்க ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காட்பாடிப் பக்கம் தண்ணீர் இல்லாத ஆறுதானே எங்களுக்கு மைதானம். இரண்டு பக்கமும் சவுக்குக் கழி, வலை கிடையாது. கோல் விழுந்தால் பந்து ஓடைக்குள் உருளும், கீப்பர்தான் இறங்கி எடுக்கணும். பக்கத்தில் நின்ற பழைய விங்கர் அண்ணன் கேட்டார், “தம்பி, அவன் சூரிச்சுல அடிச்சா உனக்கின்னா? நம்ம எந்தக் காலத்துல வேர்ல்டு கப்பு ஆடினோம்?” நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் கணக்குப்பிள்ளை பதில்தான் இருக்கிறது. அந்த ‘80 லட்சம் டாலர் வரை’ என்பது இந்தியச் சங்கத்துக்கும் உண்டு. அந்தத் திட்டத்தில் நம் வடாற்காட்டுப் பக்கம் ஒரு கோல் வலையாவது வந்திருந்தால், எந்த மைதானத்தில் கட்டியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அண்ணனைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருகிறேன்.