வெர்மீரின் மன்மதனை மறைத்தது வெர்மீர் அல்ல

திறந்த ஜன்னலோரம் கடிதம் படிக்கும் பெண்ணை 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்தாரே, அந்த ஓவியத்தின் பின்சுவரில் மாட்டியிருந்த மன்மதன் படத்தை அவரே மேலே வண்ணம் பூசி அழித்தார், ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகம் அந்தப் பூச்சைச் சுரண்டியெடுத்து ஓவியத்தைக் கெடுத்துவிட்டது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

1979-இல் எக்ஸ்ரேயில் மன்மதன் தெரிந்தபோது நிபுணர்களும் வெர்மீரே மறைத்தார் என்றுதான் நினைத்தார்கள், அதனால் பகிர்பவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் 2017-இல் ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது அசல் வண்ணத்துக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே வார்னிஷும் அழுக்கும் படிந்திருந்தன. அப்படிப் படியப் பல பத்தாண்டுகள் ஆகும். வெர்மீரோ, ஓவியம் வரைந்து இருபது ஆண்டுகூட ஆகாத நிலையில், 1675-இல் இறந்துவிட்டார். ஆக, மறைத்தது வேறு யாரோ.

வெர்மீர் தானே செய்த மாற்றமும் உண்டு: வலது ஓரத்தில் முதலில் ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பையை வரைந்து, அப்புறம் அதன் மேல் பச்சைத் திரையைத் தீட்டினார். அதை யாரும் தொடவில்லை.

வெறும் சுவரைப் பார்த்துத்தான் பல தலைமுறைகள் அந்தப் பெண்ணின் தனிமையைப் பற்றி உருகின. மேல்பூச்சை நீக்கிய பிறகு, 2021 முதல் முகமூடிகளை மிதித்து நிற்கும் மன்மதன் அவள் தலைக்கு மேலே இருக்கிறான். இப்போது அது காதல் கடிதமாகத்தான் படிக்கப்படுகிறது. எனக்கு அந்த வெறும் சுவரும் பிடித்திருந்தது, ஆனால் அது வெர்மீருடையது அல்ல.