வேலையைப் பார்க்க வருகிறவர் வேலைநேரத்துக்கும் விலை கொடுக்கட்டும்

சென்ற மாசி மாதம், பெங்களூருவில் கணினி வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், அலுவலக நண்பர்கள் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு ஒகேனக்கல்லுக்கு வந்திருந்தார். அருவிக் குளியலும் எண்ணெய்த் தேய்ப்பும் மீன் வறுவலும் முடிந்த பிறகு, பரிசல் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்று அவர்கள் கேட்டார்கள். ஊட்டமலையில் எனக்குப் பழக்கமான ஒரு பரிசல்காரரின் வீட்டுக்கு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அவர்களைக் கூட்டிப் போனேன்.

அவர் அப்போது ஒரு புதுப் பரிசலுக்கு அடி பின்னி முடித்திருந்தார். மூங்கில் பிளாச்சுகளைத் தரையில் பரப்பி, நடுவில் நெருக்கிப் பின்னி, அதன்மேல் பெரிய கற்களை ஏற்றி அழுத்திவைத்துவிட்டு, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாச்சுகளை ஒவ்வொன்றாக மேலே வளைத்து விளிம்புக் கட்டுக்குள் செருகும் கட்டம் அது. பச்சை மூங்கிலின் ஈரம் போவதற்குள் வளைத்து முடிக்க வேண்டிய வேலை. எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முன்பெல்லாம் அடியில் மாட்டுத்தோல் போர்த்திய கதையையும், இப்போது பிளாஸ்டிக் தாளை ஒட்டித் தார் பூசுவதையும் பொறுமையாகச் சொன்னார். கேட்டவர்கள் கையில் எல்லாம் பிளாச்சைக் கொடுத்து வளைக்கச் சொன்னார், படத்துக்கு நின்றார், அவர் மனைவி எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. கிளம்பும்போது வந்தவர்களில் ஒருவர் 500 ரூபாயை நீட்ட, "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு வாங்கறதா, வேண்டாங்க" என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மறுநாள் நான் தொலைபேசியில் கேட்டபோதுதான், பாதி வளைத்து விட்டிருந்த பிளாச்சுகள் காய்ந்து இறுகி, மூன்று முறிந்துவிட்டதாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். ஆனால் அரை நாள் கூலியையும் மூன்று பிளாச்சையும் அவர் செலவழித்து நடத்திய சுற்றுலாவுக்கு நான் வழிகாட்டியாக இருந்திருக்கிறேன் என்ற வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இந்தப் பதிவை எழுதவைத்தது அந்த வெட்கம்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிராமியச் சுற்றுலா வளர வேண்டும், அது கர்நாடக, ஆந்திர எல்லைகளைத் தாண்டி வளர வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசிவருபவன் நான். இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் பலகை வைப்பதற்கும் விளம்பரம் அச்சடிப்பதற்கும் முன்னால் முடிவுசெய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒருவரின் வேலையைப் பார்க்க வருகிறவர், அவர் செய்த பொருளை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டு, வேலை செய்பவர் வாயைத் திறந்து கேட்க வேண்டிய நிலை இல்லாமல் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

எல்லை தாண்டுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இந்த வட்டாரம் பாராமகால் என்ற பெயரில் 1792ஆம் ஆண்டு திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இன்றைய கோடுகள் ஏறக்குறைய உறுதியாயின. கோட்டுக்கு முன்பிருந்தே இங்கே தொழில்கள் உண்டு, அவை இன்றும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. நாம் ராகிக் களி என்பதை மேற்கே முத்தே என்கிறார்கள், வடக்கே சங்கடி என்கிறார்கள். கிண்டுகிற துடுப்பும் உருட்டுகிற கையும் ஒன்றுதான். வேப்பனப்பள்ளியிலும் தளியிலும் வளர்கிற பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வரும்போதே மூன்று மொழிகளைச் சரளமாகப் பேசுவதை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் கேட்டவன் நான். அந்த மூன்று மொழிக்கு மதிப்பெண் கிடையாது. மூன்று மாநிலச் சுற்றுலா என்று வந்தால் அவர்களைவிடத் தகுதியான வழிகாட்டிகள் வேறு எங்கிருந்து வருவார்கள்?

பட்டுத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். ராயக்கோட்டைப் பக்கம் என் மைத்துனர் இரண்டு ஏக்கரில் மல்பெரி வைத்துப் புழு வளர்க்கிறார். முட்டை பொரித்ததிலிருந்து கூடு கட்டும்வரை நான்கு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம். நான்கு முறை தோல் உரித்து, ஐந்தாம் பருவத்தில் இலையை வாரி வாரித் தின்னும். கூடு கட்டத் தயாராகிப் பழுத்த புழுவை எடுத்துவிடும் மூங்கில் தட்டுக்குப் பெயர் சந்திரிகை; கோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே பெயர். வட்டவட்டமாகச் சுருள் பின்னிய அந்தத் தட்டைச் செய்தவர்களின் பிழைப்பை, மடித்துவைக்கக்கூடிய பிளாஸ்டிக் தட்டு வந்து பெருமளவு எடுத்துக்கொண்டது. கூடு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அங்காடிகளுக்கும் போகும். விலை சரியாக இருந்தால் விடியற்காலையில் வண்டி பிடித்துக் கர்நாடகத்தின் ராமநகரத்துக்கும் போகும். ராமநகரத்து ஏலக்கூடத்தில் தொட்டி தொட்டியாகக் கொட்டிக் கிடக்கும் வெள்ளைக் கூடுகளையும், அதைக் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடும் நூற்பாளர்களையும் பார்க்காமல், கெலமங்கலத்து மல்பெரித் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறார். இலை இங்கே, சந்தை அங்கே, நூற்பு இரண்டு பக்கமும். கூடு போகிற வழியில் பயணியும் போக வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஆனால் புழு வளர்க்கும் மனைக்குள் எந்த நாளிலும் யாரையும் விட முடியாது என்பது, திட்டம் போடுபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவி, காலை நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்காரரே உள்ளே போகிறார். பால்புழு நோய் ஒருமுறை நுழைந்தால் அந்தத் தொகுதியே போய்விடும். கொசுவத்தியும் பூச்சி மருந்தும் புழுவுக்கு விஷம். கொசு விரட்டி பூசிக்கொண்டு வந்து தட்டின்மேல் குனிந்து படம் எடுக்கிற ஒரு விருந்தாளி, ஒரு மாத உழைப்பை வீணாக்கிவிடலாம். இதற்கு வழி இல்லாமலில்லை. கூடு பிரிக்கும் நாளில் வரச் சொல்லலாம். அன்றைக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சந்திரிகையிலிருந்து கூட்டைப் பறித்து, மேலே ஒட்டிய பஞ்சைச் சுரண்டி, கறைபட்டதையும் இரட்டைக் கூட்டையும் தனியாகப் போடுவார்கள். கை எத்தனை இருந்தாலும் போதாத நாள் அது. வந்தவரும் உட்கார்ந்து பறிக்கலாம், பேச்சும் நடக்கும், புழுவுக்கும் கேடில்லை. ஆக, சுற்றுலாவின் நாட்காட்டியைத் தொழில்தான் எழுத வேண்டும். சனி, ஞாயிறு விடுமுறையைப் பார்த்துப் புழு கூடு கட்டாது.

வேலைப் பண்பாடு என்றதும் கைவினையை மட்டும் நினைத்துக்கொள்வது நம்மிடம் உள்ள குறை. கோலார் தங்கவயலுக்கு நம் பக்கத்திலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. என் தாய்மாமாவும் அதில் ஒருவர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த அந்தச் சுரங்கங்களுக்காக, 1902இல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுபோனார்கள். அதே காவிரிதான் பிறகு ஒகேனக்கல்லில் பரிசலைச் சுமக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் அவர்கள் வேலை செய்தார்கள்; பாறை வெடிப்பின் அதிர்வு கேட்டால் ஊரே சுரங்க வாசலுக்கு ஓடும் என்று மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே மண்மேடுகளும் துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும் இருக்கின்றன. அந்த வேலையைத் தெரிந்தவர்கள் முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் நடுவே எர்ஸ்கெபிர்கே என்றொரு சுரங்க மலைத்தொடர் இருக்கிறது. எண்ணூறு ஆண்டு வெள்ளி, வெள்ளீயச் சுரங்கத் தொழிலின் தடங்களை இரண்டு நாடுகளும் சேர்ந்தே விண்ணப்பித்து, 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினார்கள். 22 இடங்களில் 17 ஜெர்மனியில், 5 செக்கில். போர்களைப் பார்த்த இரண்டு தனி நாடுகளுக்கு இது முடிகிறது. ஒரே நாட்டுக்குள் இருக்கும் நம் மூன்று மாநிலங்களின் சுற்றுலா வரைபடங்களோ, எல்லைக் கோட்டோடு வெள்ளைத் தாளாகிவிடுகின்றன. ஒத்துழைப்பு நமக்குப் புதிதும் இல்லை; கிருஷ்ணகிரியைத் தாண்டினால் வரும் குப்பத்தில், 1997இல் அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு ஆந்திர அரசு திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவவில்லையா?

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று மாநில வியாபாரிகளும் கூடும் இடம். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களை ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். அங்கே புதிதாக எதையும் கட்ட வேண்டாம், கழிப்பறையைத் தவிர.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் நடத்தும் பொற்கை அமைப்பு, நான் சொல்லவரும் கூலிக் கணக்குக்கு நல்ல சான்று. சில மூதாட்டிகளின் விரல்களில் மட்டும் மிஞ்சியிருந்த பூவேலை, இளைய பெண்களுக்குக் கற்றுத் தரப்பட்டு, இன்று வருமானமாகியிருக்கிறது. கர்நாடகத்தின் சண்டூரில் இதே இனத்தாரின் பூவேலை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. சண்டூர்ப் பெண்களும் சிட்லிங்கிப் பெண்களும் ஒரு வாரம் ஒன்றாக உட்கார்ந்து தைத்தால், பார்க்க வருகிற நமக்குக் கிடைப்பதைவிட அவர்களுக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கிடைப்பது அதிகமாக இருக்கும். எல்லை தாண்டிய பயணத்தில் முதல் டிக்கெட்டைத் தொழிலாளிக்கே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நானும் பெருமைப்பட்டேன். அதே வட்டாரத்தில் இன்று துருத்தி ஊதிக் கதிர் அரிவாள் அடிக்கும் கொல்லர்களின் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் வழி சொல்ல ஆளில்லை.

இங்கே ஒரு மறுப்பை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். 'பரம்பரைத் தொழில்' என்ற சொல்லை நான் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழகம் எதிர்த்து நின்றது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. அவர் பிறந்த தொரப்பள்ளி நம் ஓசூருக்குப் பக்கத்தில்தான். குயவர் வீட்டுப் பிள்ளை சக்கரம் சுற்றுவதைப் பார்க்க ஆசைப்படும் பயணி, அந்தப் பிள்ளை பொறியியல் படிக்கப் போனால் வருத்தப்படக் கூடாது. தொழில் தொடர வேண்டுமானால் அது விரும்பி ஏற்கத்தக்க வருமானமாக இருக்க வேண்டும். எந்தச் சாதியிலிருந்து யார் வந்து கற்றுக்கொண்டாலும் கற்றுத்தர வேண்டும். அது நடக்காமல் வெறும் 'பாரம்பரியம்' என்று பேசுவது, மற்றவர் பிள்ளையை அங்கேயே இருக்கச் சொல்வதாகத்தான் முடியும்.

கூலியை எப்படிக் கொடுப்பது என்பதற்கு முன்மாதிரியைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். கேரளத்தின் குமரகத்தில் 2008 வாக்கில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், கயிறு திரிப்பவர், கள் இறக்குபவர், தாழம்பாய் பின்னுபவர் என்று வீடு வீடாகப் பயணியை அழைத்துப் போகிறார்கள். பயணி தரும் தொகையில் அந்தந்த வீட்டுக்குப் பங்கு போகிறது. இங்கேயோ, நகரத்து முகவர் ஒருவர் எங்கள் பக்கத்துக் குயவர்களைப் படம் எடுத்துப்போய்ப் பயண விளம்பரத்தில் போட்டார். வண்டி வண்டியாக ஆட்களையும் கூட்டி வந்தார். குயவர்களுக்கு மிஞ்சியது மிதிபட்ட, இன்னும் சுடாத பச்சைப் பானைகள். பயணி அவரிடம் எவ்வளவு கட்டினார் என்று விசாரித்தபோது எனக்குத் தலை சுற்றியது. தளிப் பக்கம் எழும்பும் சொகுசு விடுதிகளும், வேலிக்கு வெளியே இருக்கும் கிராமத்தைச் சன்னல் காட்சியாக மட்டுமே வைத்திருக்கின்றன.

ஆகவே ஊராட்சி அளவில், தொழில் செய்பவர்களே உட்கார்ந்து பேசி, ஒரு நாள் கூலியை அடிப்படையாக வைத்து, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு, ஒரு தடவைக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது, இந்தக் கட்டத்தில் யாரும் வரக் கூடாது என்று எழுதிவைக்கட்டும். வாடகை வண்டிக்கு எல்லையில் பர்மிட், வரி என்று நேரும் இழுபறியை மூன்று மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் பேசித் தீர்க்கட்டும்; அதுவரை ராமநகரம் போகும் அரசுப் பேருந்தே போதும். கூடு மூட்டையோடு அதில் போனவர்கள் உண்டு.

சென்ற வாரம் ஊட்டமலைக்கு மறுபடியும் போனேன். ஒரு நாளைக்கு அவருக்குக் கிடைக்கும் கூலியைக் கேட்டு, அதன் பாதியையும் தேநீர்ச் செலவையும் சேர்த்து ஒரு தொகையைச் சொன்னேன். முதலில் சிரித்தார். வருகிறவர்களிடம் அவர் கைநீட்டி வாங்க வேண்டியதில்லை, அவர்கள் என்னிடம் முன்பணமாகக் கட்டுவார்கள், அதை நான் அவரிடம் சேர்ப்பேன் என்று சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"அப்படின்னா ஆறு பேருக்கு மேல வேண்டாம் வாத்தியாரே. வர்ற நாளை முன்னாடியே சொல்லிடுங்க. மூங்கிலைப் பிளக்காம வெச்சிருக்கேன், பிளக்கறதுல இருந்து பாக்கட்டும்" என்றார்.