பாக்கெட் அதே சைஸ், உள்ள இருந்த சரக்கு எங்கய்யா போச்சு?

மளிகை செலவ எப்படி கொறைக்கறதுன்னு இனிமே யாராவது எனக்கு டிப்ஸ் சொன்னீங்க, கடிச்சு வெச்சிருவேன். லிஸ்ட் போட்டுட்டு போங்க, பசியோட கடைக்கு போகாதீங்க, மொத்தமா வாங்குங்க... எல்லாம் பண்றோம்யா. பண்ணியும் பில்லு ஏறிக்கிட்டே தான் போகுது, ஏன்னா லிஸ்ட்ல நான் ஒரு பாக்கெட்னு எழுதறேன், அந்த ஒரு பாக்கெட்டே போன தடவ இருந்த எடையில இப்ப இல்ல!

விலைய ஏத்துனா ஜனங்க கத்துவாங்கன்னு கம்பெனிக்காரனுக்கு நல்லா தெரியும். அதனால விலை அப்படியே இருக்கும், கவர் அதே கலரு, அதே உயரம், ஆனா ஒரு கிலோ இருந்தது சத்தமே இல்லாம 900 கிராம் ஆயிருக்கும். நூறு கிராம் தானே, பத்து பர்சென்ட் தானேன்னு விட்டுடுவோம். அதுவும் தப்புக் கணக்கு. பழைய ஒரு கிலோ கைக்கு வரணும்னா இப்ப 11 பர்சென்டுக்கு மேல கூட குடுக்கணும், 800 கிராம் ஆக்கிட்டான்னா 25 பர்சென்ட். இதையே விலையில ஏத்தியிருந்தா கடையில சண்டை நடந்திருக்கும், கிராம்ல ஒளிச்சு வெச்சா கேக்க நாதியில்ல. இதுல உச்சகட்டம் என்னன்னா, கொஞ்ச நாள் கழிச்சு அதே பாக்கெட்ல மஞ்சப் பட்டை அடிச்சு "10% கூடுதல்"னு போடுவான் பாருங்க, 900ல பத்து பர்சென்ட் கூட்டுனா 990 டா! அப்பவும் பழைய கிலோ வரல, நாம என்னவோ லாபம்னு ரெண்டா எடுத்துட்டு வரோம்.

நொறுங்கற சாமான்ல காத்து அடைக்கறாங்களே, அத நான் குத்தம் சொல்லல, அது நைட்ரஜன், நமுத்துப் போகாம உடையாம இருக்க போடறது. ஆனா பாட்டிலுக்கு அடியில எதுக்குய்யா அவ்வளவு ஆழமா குழி? பிரான்ஸ்ல 2024 ஜூலைலேந்து சட்டமே போட்டுட்டாங்க, அளவு கொறைஞ்சு கிலோ கணக்குல விலை ஏறியிருந்தா பெரிய கடைங்க அந்த சாமான் பக்கத்துலயே ரெண்டு மாசத்துக்கு போர்டு வெச்சு சொல்லணும். அவ்வளவு தான் நானும் கேக்கறேன். கொறைச்சா கொறைச்சேன்னு சொல்லு, வாங்கறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்.

சரி, ரேக்குல கிலோ விலைய போடறாங்களே, அத பாத்து வாங்கலாமேன்னு வருவீங்க. பாத்தேன். ஒன்னுல 100 கிராமுக்கு போட்டிருக்கான், பக்கத்துல இருக்கறதுல கிலோவுக்கு, அதுக்கும் அடுத்தது "ஒரு பீஸுக்கு", எல்லாம் எறும்பு சைஸ் எழுத்துல. ஃபோன்ல கால்குலேட்டர தொறந்து நிக்கறேன், பின்னாடி ஒருத்தர் உச்சு கொட்டறாரு, வகுத்து பாத்தா ஃபேமிலி பேக் சின்ன பாக்கெட்டவிட கிராமுக்கு விலை ஜாஸ்தி!! பெருசா வாங்கினா சல்லிசுன்னு யாருய்யா கெளப்பி விட்டது.

ரெண்டு வாங்கினா ஒன்னு ஃப்ரீங்கறதும் இதே கூத்து தான். மூணையும் தீத்தா 33 பர்சென்ட் தள்ளுபடி, மூணாவது தேதி முடிஞ்சு குப்பைக்கு போச்சுன்னா தள்ளுபடி சைபர். அதுவும் போக, மொத்தமா வாங்கறதுக்கு ஒரே நேரத்துல காசு வேணும், வெக்க வீட்டுல இடம் வேணும், ரெண்டும் இல்லாதவங்களுக்கு தானே மிச்சம் புடிக்கறது அவசியம், அவங்ககிட்ட போய் மொத்தமா வாங்குன்னா என்ன அர்த்தம்? ஆப்ல வாங்கலாம்னு போனா டெலிவரி ஃப்ரீ ஆக இன்னும் கொஞ்சம் சேருங்கங்கறான், அந்த கொஞ்சத்துக்கு வேண்டாத ஒன்ன வாங்கி டெலிவரி காச மிச்சம் புடிக்கறோமாம்.

டிராலி எடுக்காதீங்க, கூடை எடுங்கன்னு ஒரு டிப்ஸ் இருக்கு, அது ஒன்னு தான் உருப்படியானது. 1937ல அமெரிக்காவுல சில்வன் கோல்ட்மேன்னு ஒரு கடைக்காரர், கூடை கனத்ததும் ஜனங்க வாங்கறத நிறுத்திடறாங்கன்னு பாத்துட்டு தான் அந்த வண்டியவே கொண்டு வந்தாரு. நம்ம கை வலி கூட அவங்களுக்கு நஷ்டக் கணக்கு.

ஒரு கிலோவுக்கு என்ன விலைன்னு பாக்கெட் முன்பக்கம் பெருசா போட்டா போதும், ஒரு டிப்ஸும் வேணாம். கேட்டா இடமில்லையாம். "புதிய தோற்றம்"னு எழுத மட்டும் பாதி பாக்கெட் இடம் இருக்கு!