பதினெட்டாம் பெருக்கும் மணியின் தட்டும்

ஆடிப் பதினெட்டுக்குக் கட்டுச்சாதக் கூடையோடு ஆற்றுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ரெண்டு வருஷம் முன்னால் திருவையாறு புஷ்ய மண்டபத்தில் காப்பரிசி படைத்து, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, சித்ரான்னம் சாப்பிட்டு வந்தோம். மீந்த புளியோதரையையும் சர்க்கரைப் பொங்கலையும் மணியின் தட்டில் வைத்தது நான்தான். எங்கள் திண்ணையிலேயே வளர்ந்த நாட்டு நாய். அம்மா பொங்கலில் திராட்சையை அள்ளிப் போடுவாள். ராத்திரியே வாந்தி. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. "என்ன போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டான்.

திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவு சொல்ல முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று கருதுகிறார்கள். நம் புளியின் புளிப்பும் அதே அமிலம்தான். புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததை 2022இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. புளி இல்லாமல் நம் ஊரில் என்ன சமையல் இருக்கிறது?

அடுத்தது வெங்காயம், பூண்டு. வேகவைத்தாலும் விஷம் போகாது. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். 15 கிலோ நாய்க்கு 75 கிராம். வெங்காய சாம்பார் ஊற்றிய சோற்றில் சில வேளைகளிலேயே சேர்ந்துவிடும். ஈறு வெளுப்பதும் சிறுநீர் காப்பி நிறமாவதும் சில நாள் கழித்துத்தான், அதனால் யாரும் சாம்பாரைச் சந்தேகப்படுவதில்லை. சாக்லேட்டும், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும்கூட ஆபத்து. சைலிட்டால் அரைமணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும்.

"தெரு நாய்க்கு எதுவும் ஆகாது, கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆகிறது, நாம்தான் பார்ப்பதில்லை. கல்யாண மண்டபத்துப் பின்னால் எச்சில் இலையை நக்கிவிட்டு எந்த வாய்க்கால் கரையில் போய்ச் சுருண்டது என்று யார் தேடினோம்?

தின்றுவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், அது தனி விஷம். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முதல் ரெண்டு மணி நேரம் பொன்னானது.

இந்த வருஷம் எங்கள் தூக்கில் ஒரு அடுக்கு தனி. வெறும் சோறு, உப்புப் போடாத மோர். படித்துறையில் அந்தச் செவலைக் குட்டி நின்றால் அதற்கு.