திருத்தத்தையும் உரக்கச் சொல்லுங்கள்

பெருந்தொற்று வந்தால் எப்படித் தற்காத்துக்கொள்வது என்று மக்களுக்கு ஒரே இடத்திலிருந்துதான் சொல்ல வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். உள்ளே நடந்து போனால் மேலே மருந்து தெளிக்கும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் வைக்கக் கிளம்பினார்கள். ஆனால் குளோரின் கலந்த தண்ணீரை ஆள்மேல் அடித்தால் உடம்புக்குள் போன வைரஸ் சாகாது, கண்ணும் தோலும்தான் எரியும். அந்த மாதமே மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. ஏப்ரல் 18-ல் மத்திய சுகாதார அமைச்சகமும் ஆட்கள்மேல் தெளிக்கக் கூடாது என்று அறிவித்தது. இப்படி 'நிறுத்து' என்று சொல்ல ஓர் இடம் வேண்டும்.

யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓர் இருமல் கேட்குமே, நினைவிருக்கிறதா? எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் 'கையைச் சோப்புப் போட்டுக் கழுவு' என்ற செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. மனது வைத்தால் நாட்டில் எல்லார் காதிலும் ஒரு விஷயத்தைப் போட முடியும்.

சரி, அந்த ஒரே இடமே தவறாகச் சொல்லிவிட்டால்?

2020 மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம் தன் ட்விட்டர் பக்கத்தில் கோவிட் காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது. 'இப்போதைக்குத் தெரிந்தவரை' என்ற ஒரு வார்த்தைகூட இல்லை. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுத வேண்டி வந்தது. 2021 ஏப்ரல் கடைசியில்தான் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் விளக்கம் தெளிவாக மாறியது. அதுவும் சத்தமில்லாமல். இங்கே மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், நுண்துளிகள் 10 மீட்டர் வரை போகலாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொன்னது 2021 மே 20-ல். இரண்டாம் அலை அதற்குள் வீடு வீடாகப் புகுந்துவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். காய்கறியை மஞ்சள் தண்ணீரில் போட்டோம். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் ரூபாய் நோட்டுக்கெல்லாம் சானிடைசர் அடித்துத் தட்டில் காய வைப்பார். அவ்வளவு கவனமான மனிதர். ஆனால் போலீஸ் வருமே என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே ஐந்தாறு பேரை நிறுத்தித்தான் வியாபாரம். வேகாத வெயிலில் அந்த அடைத்த காற்றைத்தான் எல்லாரும் மாறி மாறிச் சுவாசித்தார்கள். அவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? சொன்னதை அப்படியே செய்தார். காற்றைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஜப்பானில் 2020 மார்ச்சிலேயே மூன்றே விஷயம் சொன்னார்கள்: அடைத்த இடம், கூட்டம், நெருங்கி நின்று பேசுவது, இந்த மூன்றையும் தவிருங்கள். அங்கேயும் அரசு ஒரே குரலில்தான் சொன்னது. ஆனால் இசை அரங்குகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் தொற்று எப்படிக் கொத்துக் கொத்தாகப் பரவியது என்று தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். காரணம் தெரிந்தவன், சட்டத்தில் எழுதாத இடத்திலும் தானே யோசித்து நடந்துகொள்வான்.

அறிவுரையை மாற்றினால் மக்கள் நம்பிக்கை போய்விடும் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் தவிர மற்றவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்றார்கள். அப்புறம் எல்லாரும் போடுங்கள் என்றார்கள். ஏன் மாற்றினோம் என்று யாராவது உட்கார்ந்து பொறுமையாக விளக்கியிருந்தால் ஜனங்கள் கேட்டிருப்பார்கள். விளக்காமல் விட்ட இடத்தை வாட்ஸ்அப் வதந்தி பிடித்துக்கொண்டது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வோர் அறிவுரையிலும் தேதி இருக்கட்டும். எது உறுதி, எது இன்னும் ஆய்வில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லட்டும். முதல் அறிவிப்பு எந்த வழியில் வந்ததோ, அதே போனில், அதே ரேஷன் கடைச் சுவரில், அதே கிராமச் சுகாதாரச் செவிலியர் மூலமாகத் திருத்தமும் வரட்டும்.

நட்புப் பட்டியலில் பொதுச் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். திருத்தங்களை மக்களிடம் கொண்டுபோக இப்போது தனியாக ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா? இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.